சாட்சியின் நினைவும் ஒரு தடயம்தான்: விசாரணை அதிகாரிகளுக்கும் குற்றவியல் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காவல்துறை விசாரணை அதிகாரிகளுக்கும் குற்றவியல் நீதித்துறை நடுவர்களுக்கும்,

வணக்கம்.

வெட்டு நடந்த இடத்தில் கிடக்கும் அரிவாளை யாரும் வெறுங்கையால் எடுப்பதில்லை. கயிறு கட்டிவிடுகிறீர்கள். தடய அறிவியல் ஆட்கள் வரும்வரை உள்ளே யாரையும் விடுவதில்லை. அந்தக் கயிற்றுக்கு வெளியே, நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறார். அவர் நினைவில் இருப்பதும் தடயம்தான். ஆனால் முதல் அரை மணி நேரத்துக்குள் அவரிடம் ரோந்துக் காவலர் ஒரு தடவை, எஸ்.ஐ. ஒரு தடவை, பக்கத்துக் கடைக்காரர் ஒரு தடவை, செல்போனும் கையுமாக வந்த நிருபர் ஒரு தடவை கேட்டு முடித்துவிடுகிறார்கள். "சிவப்புச் சட்டைக்காரன்தானே வெட்டினான்?" என்று கேட்டவர் ஒவ்வொருவரும் அந்தத் தடயத்தின் மேல் தன் கைரேகையைப் பதித்துவிட்டுப் போகிறார். பிறகு அதைத் துடைத்து எடுக்க வழியே இல்லை.

நினைவு உளவியலும் சாட்சியச் சட்டமும் கற்பிக்கிறவர்கள் நாங்கள். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். சாட்சியிடம் முதல் தடவை கேட்கும்போதும், முதல் தடவை ஆளைக் காட்டும்போதும், அது ஒரே ஒரு தடவைதான் சுத்தமாகக் கிடைக்கும் என்று எண்ணிச் செய்யுங்கள். இரண்டாம் தடவை நீங்கள் சோதிப்பது சம்பவத்தின் நினைவை மட்டுமல்ல. முதல் தடவை நீங்கள் கேட்டதன் நினைவையும் சேர்த்துத்தான்.

கண்ணில் பட்டதெல்லாம் நினைவில் ஏறுவதில்லை. கவனம் எதன் மேல் நின்றதோ அதுதான் ஏறும். ஏறியதும் உடனே கெட்டிப்படுவதில்லை. அதற்கு மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நேரம் பிடிக்கும், அதில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. பிறகு ஒருநாள் கேட்கும்போது மூளை அந்தக் காட்சியைச் சேமிப்பிலிருந்து முழுதாக எடுத்துத் தருவதில்லை. கிடைக்கும் துண்டுகளைச் சேர்த்து அப்போதைக்குப் புதிதாகக் கட்டுகிறது. நடுவில் ஓட்டை இருந்தால், இப்படிப்பட்ட சம்பவத்தில் வழக்கமாக என்ன நடக்குமோ அதை வைத்தோ, பிறகு காதில் விழுந்ததை வைத்தோ அடைத்துவிடுகிறது. அப்படிக் கட்டியதுதான் மறுபடி சேமிப்புக்குப் போகிறது. எது பார்த்தது, எது அடைத்தது என்று சாட்சிக்கே தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை. தவறான விவரத்தையும் அவர் முழு மனதோடு நம்பித்தான் சொல்கிறார்.

உச்ச நீதிமன்றம் இதை 1983இலேயே சொல்லிவிட்டது. பர்வாடா போகின்பாய் ஹிர்ஜிபாய் எதிர் குஜராத் மாநிலம் என்ற வழக்கின் தீர்ப்பில், சாட்சிக்குப் புகைப்பட நினைவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, மனத்திரையில் வீடியோ நாடா ஓடுவதுபோல் நினைவு ஓடுவதில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். நேரம், கால அளவு, பேசிய சொற்கள், எது முன்னால் எது பின்னால் என்ற வரிசை ஆகியவற்றில் சாட்சிகள் தடுமாறுவது இயல்பு என்றும் அதில் இருக்கிறது. ஆய்வுக்கூடங்கள் கண்டதும் அதுவே. ஆனால் நாற்பது ஆண்டுகள் கழிந்தும் பல நிலையங்களில் வாக்குமூலம் வாங்கும் முறை, சாட்சியின் தலைக்குள் ஒரு நாடா இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் ஓடும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது.

மறதியின் வேகத்தை முதலில் அளந்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, குறிப்பிட்ட இடைவெளி விட்டு மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்த்து 1885இல் வெளியிட்டார். 20 நிமிடத்தில் மிச்சம் 58 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஆறு நாளில் 25, ஒரு மாதத்தில் 21. பொருளுள்ளதும் மனதை உலுக்கியதும் இதைவிடப் பலமாக நிற்கும். அதனால் இந்த எண்களை அப்படியே ஒரு கொலை வழக்குக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் கோட்டின் வடிவம் பொருந்தும். முதலில் செங்குத்தாக விழுகிறது, பிறகு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடுகிறது. ஐந்தாம் நாள் வாங்கும் வாக்குமூலத்துக்கும் பத்தாம் நாள் வாங்குவதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது. அன்று மாலை வாங்குவதற்கும் மூன்றாம் நாள் வாங்குவதற்கும்தான் பெரிய வேறுபாடு. அந்த மூன்று நாளில் முதலில் போவது ஓரத்து விவரங்கள்: வண்டி எண்ணின் கடைசி இலக்கங்கள், காலில் செருப்பா ஷூவா, யார் யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வழக்குக்கு மிகவும் வேண்டியவை பெரும்பாலும் இவைதான்.

மறந்துவிட்டார் என்று எழுதப்படும் பலவும் உண்மையில் மறதியே அல்ல. அவை நினைவில் ஏறவே இல்லை. கழுத்துக்கு நேரே பட்டாக்கத்தி நீண்டிருக்கும்போது கண் கத்தியை விட்டு நகராது. கத்தியின் பிடி, அதில் சுற்றியிருந்த துணி எல்லாம் சாட்சி துல்லியமாகச் சொல்வார். பிடித்திருந்தவன் முகத்தைச் சொல்லத் திணறுவார். இந்த ஆயுதக் கவனம் பல சோதனைகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. கத்தியை அவ்வளவு நன்றாகப் பார்த்தவர் முகத்தையும் நன்றாகத்தான் பார்த்திருப்பார் என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு.

"அவ்வளவு பயத்தில் பார்த்த முகம் ஆயுசுக்கும் மறக்காது" என்ற நம்பிக்கையும் அப்படித்தான். அமெரிக்க ராணுவத்தின் போர்க்கைதிப் பயிற்சி முகாம்களில் 500க்கு மேற்பட்ட வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. உடலை வருத்தும் கடும் விசாரணையையும் மிரட்டல் இல்லாத விசாரணையையும் அவர்கள் சந்தித்தார்கள். மறுநாள், பலரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் நேரடி அணிவகுப்பில், மிரட்டாமல் விசாரித்தவரைச் சரியாகக் காட்டியவர்கள் 62 சதவீதம். கடுமையாக விசாரித்தவரைச் சரியாகக் காட்டியவர்கள் 30 சதவீதம் மட்டுமே. பயிற்சி பெற்ற வீரர்கள், நேருக்கு நேர் உட்கார்ந்து, நீண்ட நேரம் பார்த்த முகம் அது.

வெளிச்சமும் தூரமும் வாக்குமூலத்தில் ஒரே வரியில் கடந்துபோகின்றன: "தெருவிளக்கு வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன்." எந்த விளக்கு? பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் நீலத்தையும் கறுப்பையும், பழுப்பையும் கரும்பச்சையையும் நம்பிப் பிரிக்க முடியாது. அப்படி ஒரு தெருவில் சட்டையின் நிறத்தை உறுதியாகச் சொல்லும் சாட்சி, அந்த நிறத்தை வேறு எங்கிருந்தோ பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தவர் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். பட்டப்பகலில் நல்ல பார்வை உள்ளவருக்கும் ஏறக்குறைய 25 அடிக்கு அப்பால் முகத்தின் நுண்ணிய அடையாளங்கள் குறையத் தொடங்கும். 150 அடியில் அறிமுகமில்லாத முகத்தை அடையாளம் காணும் அளவுக்கு விவரம் கண்ணுக்கு எட்டாது. ஆகவே சாட்சி நின்ற இடத்துக்கும் சம்பவ இடத்துக்கும் இடையே டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். அதே நேரத்தில், அதே விளக்கில், சாட்சி நின்ற இடத்திலிருந்து ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். விளக்கு மாற்றப்பட்ட பிறகு இதற்கு வேறு சான்று கிடைக்காது.

கால அளவை மட்டும் சாட்சி வாயிலிருந்து நம்பி எடுக்காதீர்கள். 30 வினாடிக் கொள்ளைக் காட்சி ஒன்றைப் பார்த்தவர்கள் அது சராசரியாக இரண்டரை நிமிடம் ஓடியதாகச் சொன்னார்கள். "இரண்டு நிமிடம் முகத்தைப் பார்த்தேன்" என்பது பல நேரங்களில் சில வினாடிகள்தான். அந்த நேரத்தில் என்னென்ன நடந்தது என்று கேட்டு, அதை நடித்துக் காட்டச் செய்து கடிகாரத்தில் பாருங்கள்.

இனி, ஏறிய நினைவு எப்படிக் கெடுகிறது என்பது. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் கார் விபத்துப் படங்களைக் காட்டி, "வண்டிகள் ஒன்றில் ஒன்று நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்று சிலரிடமும், அதே கேள்வியை மென்மையான வினைச்சொற்களோடு மற்றவர்களிடமும் கேட்டார்கள். நொறுங்க மோதியது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் சொன்னார்கள். தொட்டுக்கொண்டன என்று கேட்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 32. அதோடு முடியவில்லை. இரண்டாம் சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. நொறுங்க மோதியது என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணமாக மோதியது என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். வேகத்தைப் பற்றிக் கேட்கவே கேட்காத 50 பேரில் 6 பேர். கேள்வியிலிருந்த ஒரே ஒரு வினைச்சொல் ஒரு வாரம் நினைவுக்குள் இருந்து, இல்லாத கண்ணாடியை உடைத்திருக்கிறது.

"பைக்கில் வந்த ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தாங்களா?" என்ற சாதாரணக் கேள்வியைப் பாருங்கள். பைக் என்பதையும் இரண்டு பேர் என்பதையும் நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். சாட்சி மூன்றாவது ஆளைப் பார்த்திருந்தாலும் இனி அவர் சந்தேகப்படப் போவது தன் கண்ணைத்தான். அதிகாரிக்குத் தெரியாதா என்ன?

சாட்சிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் இதே கேட்டைச் செய்யும். ஒரே சம்பவத்தை வெவ்வேறு கோணத்தில் எடுத்த படங்களை இருவருக்குக் காட்டி, பிறகு பேசவிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2003இல் வந்தது. பேசிக்கொண்டவர்களில் 71 சதவீதத்தினர், தாங்கள் பார்த்திருக்கவே முடியாத, மற்றவர் சொன்ன ஒரு விவரத்தைத் தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள். நிலையத்துப் பெஞ்சில் நான்கு சாட்சிகளை வரிசையாக உட்கார வைத்து ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடும்போது, வெளியே அந்தப் பெஞ்சில் ஒரே வாக்குமூலம் தயாராகிக்கொண்டிருக்கிறது. நான்கு பேரும் ஒன்றே சொன்னால் வழக்கு பலமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 1896இல் லண்டனில் அடால்ஃப் பெக் என்பவரைத் தங்களை ஏமாற்றியவர் என்று அடையாளம் காட்டியவர் ஒருவரல்ல, பல பெண்கள். அவர் சிறை சென்றார். வெளியே வந்தபின் 1904இல் மறுபடியும் அதேபோல் அடையாளம் காட்டப்பட்டுக் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டார். ஏமாற்றியவன் வேறு ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் 1907இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. சம்பவத்தின் சில விவரங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால், கேட்காமல் விட்ட, அவற்றோடு ஒட்டிய விவரங்கள் கேட்காத நிலையைவிடவும் மோசமாக மறந்துபோகின்றன. வண்டியைப் பற்றியே நான்கு தடவை கேட்டுவிட்டு ஐந்தாம் தடவை ஆளைப் பற்றிக் கேட்டால், "தெரியலைங்க" என்ற பதிலை நீங்களே உண்டாக்கியிருக்கலாம்.

சரி, எப்படிக் கேட்பது? அமெரிக்காவின் ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசெல்மேனும் 1980களில் வகுத்த முறை இன்று பல நாட்டுக் காவல்துறைகளில் பயிற்சியாகக் கொடுக்கப்படுகிறது. வழக்கமான கேள்விமுறையைவிட அது கூடுதலான சரியான விவரங்களை, தவறுகள் பெரிதாகக் கூடாமல், வெளிக்கொண்டுவருவது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நேரமும் வாயை மூடிக்கொண்டிருக்கும் பொறுமையும் வேண்டும்.

முதலில் சாட்சிகளைப் பிரித்துவிடுங்கள். ஓடியவனைப் பிடிக்க வயர்லெஸ்ஸில் உடனே சொல்ல வேண்டியிருந்தால், "என்ன நடந்தது? எந்தப் பக்கம் போனார்கள்? எதில் போனார்கள்? ஆட்களைப் பற்றி என்ன சொல்ல முடியும்?" என்ற அளவோடு நிறுத்தி, வந்த பதிலை வந்த சொற்களிலேயே நேரம் போட்டுக் குறித்துவிடுங்கள். முழு விசாரணையை அன்றே, ஒரே அதிகாரி, ஆள் நடமாட்டமில்லாத அறையில் நடத்த வேண்டும். செல்போனை அணைத்துவிடுங்கள். தண்ணீர் கொடுங்கள். சாட்சி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் காத்திருங்கள்.

கேட்கத் தொடங்கும் முன் நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். நான் அங்கே இல்லை, நீங்கள்தான் இருந்தீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஊகிக்க வேண்டாம். சின்ன விஷயம், வழக்குக்கு வேண்டாதது என்று தோன்றினாலும் விடாமல் சொல்லுங்கள். என் கேள்வியிலேயே தவறு இருந்தால் திருத்துங்கள். காக்கிச் சட்டைக்கு முன்னால் உட்காரும் நம் ஊர் மனிதர்களுக்கு இந்த நான்காவது மிகவும் தேவை. அதிகாரி சொன்னதை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று பழகியவர்கள் அவர்கள். திருத்தினால் நீங்கள் கோபப்பட மாட்டீர்கள் என்பதை வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

அடுத்து, சாட்சியை மனத்தளவில் அந்த இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போவது. நினைவு பதிந்த சூழ்நிலை திரும்ப வந்தால், எட்டாதவை எட்டும். எதற்காக வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள், கையில் என்ன இருந்தது, வெயிலா மழையா, என்ன சத்தம் கேட்டது, மனதில் என்ன நினைத்துக்கொண்டு நடந்தீர்கள் என்று மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டுச் சொல்லி, பதில் வேண்டாம், நினைத்து மட்டும் பாருங்கள் என்று ஒரு நிமிடம் விடுங்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சிலருக்குப் பிடிக்கும். பிடிக்காதவர் தரையைப் பார்க்கட்டும். உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

பிறகு, "ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்ற ஒரே வாக்கியம். அதன்பின் குறுக்கே பேசாதீர்கள். 1987இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கத் துப்பறிவாளர்கள் சாட்சி பேசத் தொடங்கிச் சராசரியாக ஏழரை வினாடியில் குறுக்கிட்டது பதிவாகியிருக்கிறது. நம் நிலையங்களில் இந்தச் சராசரியை யாராவது அளந்து வெளியிட்டால் நல்லது. குறுக்கிட்டதும் சாட்சி தேடலை நிறுத்திவிட்டு உங்கள் அடுத்த கேள்விக்குக் காத்திருக்கத் தொடங்குவார், பதில்கள் இரண்டு சொல்லாகச் சுருங்கும். அவர் நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்துக்குள் வருபவை பெரும்பாலும் அதற்கு முன் சொல்லாதவை.

அவர் சொல்லி முடித்தபின்தான் உங்கள் கேள்விகள், அதுவும் உங்கள் பட்டியலின் வரிசையில் அல்ல, அவர் சொன்ன வரிசையில், அவர் பயன்படுத்திய சொல்லில். "கறுப்புப் பை என்றீர்கள், அதைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்." இதன் பிறகு ஒருமுறை கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். இப்படித்தான் நடந்திருக்கும் என்ற வழக்கமான கதை, தலைகீழாகச் சொல்லும்போது உடைந்துபோகும். உண்மையில் பார்த்த விவரங்கள் தலைதூக்கும். ஆமா இல்லையா வகைக் கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு, மிகவும் தேவையானால் மட்டும். ஒரே கேள்வியைப் பதில் பிடிக்காததால் மறுபடி கேட்காதீர்கள். குழந்தைச் சாட்சியிடம் இது முழு வழக்கையும் கெடுக்கும். முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று எண்ணிக் குழந்தை பதிலை மாற்றிவிடும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் கண்ணை மூடி அந்த இடத்துக்குத் திரும்பச் செல்லும்படி சொல்லவே கூடாது. தலைகீழாகச் சொல்லச் சொல்வதும் வேண்டாம். அவர்கள் சொல்லும் வரிசையில், சொல்லும் அளவுக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசை குலைந்திருப்பது அப்படிப்பட்ட நினைவின் இயல்பு. அதைப் பொய்யின் அடையாளமாக எடுக்காதீர்கள்.

எழுதுவது எப்படி என்பதும் முக்கியம். சாட்சி, "நெட்டையா, கொஞ்சம் கூன் போட்டாப்பல, பல்லு எடுப்பா இருந்துச்சு" என்று சொன்னதை, ரைட்டர் "சுமார் 5 அடி 8 அங்குல உயரமுள்ள, மாநிற, ஒல்லியான தேகமுடைய நபர்" என்று எழுதினால், அந்தப் பல்லும் கூனும் போய்விட்டன. சாட்சி சொல்லாத ஐந்தடி எட்டங்குலம் வந்துவிட்டது. குறுக்கு விசாரணையில் அந்த எட்டங்குலத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சாட்சி. ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனியாக, உள்ளபடி எழுத வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவிலேயே இருக்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவிலும் இருந்தது. முதல் சாட்சியைப் போலவே இவரும் கூறுகிறார் என்று எழுதுவது அந்தப் பிரிவுக்கு எதிரானது. அதே பிரிவு ஒலி, ஒளிப் பதிவையும் அனுமதிக்கிறது. 181ஆம் பிரிவின்படி இந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்க முடியாது என்பதால், அவர் உண்மையில் என்ன சொன்னார், எந்தக் கேள்விக்குச் சொன்னார் என்பதைக் காக்க ஒலி, ஒளிப் பதிவைவிட நல்ல வழி இல்லை. பதிவில் கேள்விகளும் இருக்க வேண்டும். பதில் மட்டும் இருக்கும் பதிவால், அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

அடையாள அணிவகுப்புக்கு வருகிறோம். இதில் நடுவர்களின் பொறுப்பு பெரிது.

1984இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பலாத்காரத்துக்கு ஆளான ஒரு மாணவி, தப்பித்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்று உறுதி எடுத்து, அந்த நேரத்திலும் அவன் முகத்தைக் கவனித்து மனதில் வாங்கிக்கொண்டார். காவல்துறை காட்டிய ஆறு புகைப்படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். சில நாள் கழித்து நேரடி அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். இரண்டிலும் இருந்தவர் காட்டன் ஒருவர்தான். நீங்கள் புகைப்படத்தில் காட்டியதும் இவரைத்தான் என்று அதன்பின் அந்த மாணவியிடம் சொன்னார்கள். நீதிமன்றத்தில் அவர் சொன்னதில் துளிச் சந்தேகமும் இல்லை. உண்மையான குற்றவாளி பாபி பூல் மறுவிசாரணையில் அவர் கண்முன்னே கொண்டுவரப்பட்டபோதும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குள் காட்டனின் முகம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டிருந்தது. 1995இல் டி.என்.ஏ. சோதனையில் காட்டன் குற்றமற்றவர் என்று தெரிந்தபோது பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். அமெரிக்காவில் டி.என்.ஏ. மூலம் விடுதலையான வழக்குகளில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் தவறான கண்சாட்சி அடையாளம் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

நம் ஊரில் இதே கேடு வேறு வழியில் வருகிறது. கைதானவரைப் பத்திரிகையாளர் சந்திப்பில் நிறுத்துகிறார்கள். முகத்தைத் துணியால் மூடியிருந்தாலும் நிலையத்தில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இவன்தானே என்று சிசிடிவி காட்சியைச் சாட்சிக்குக் காட்டுகிறார்கள். பிறகு சிறையில் அணிவகுப்பு. சாட்சிக்கு அந்த முகம் பழகிய முகமாகத் தெரியும். எங்கே பார்த்துப் பழகியது என்பது தெரியாது. முகத்தின் பழக்கம் நிலைப்பதைவிட, அது எங்கிருந்து வந்தது என்ற நினைவு வேகமாகத் தேய்கிறது. 1970களில் ஆஸ்திரேலிய உளவியலாளர் டொனால்ட் தாம்சனை ஒரு பெண் தன்னைத் தாக்கியவர் என்று அடையாளம் காட்டினார். தாக்குதல் நடந்த நேரத்தில் தாம்சன் நேரலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முகம் உண்மை, இடம் மாறிவிட்டது.

எனவே அணிவகுப்பு முடியும்வரை சந்தேக நபரின் படம் நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது. சாட்சியிடம் எந்தப் படமும் காட்டக் கூடாது. நடுவர், அணிவகுப்புக்கு முன், கைதானவர் யாருடைய படத்தையாவது செய்தியிலோ செல்போனிலோ பார்த்தீர்களா, யார் காட்டினார்கள் என்று சாட்சியைத் தனியே கேட்டுப் பதிய வேண்டும். பார்த்திருந்தால் அணிவகுப்பை நடத்துவதால் பயனில்லை. அதையே காரணமாக எழுதிவிடுவது நேர்மையானது.

உடன் நிற்பவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? சந்தேக நபரைப் போல் இருந்தால் போதும் என்பது பாதிதான். சாட்சி முதலில் கொடுத்த வர்ணனைக்கு அனைவரும் பொருந்த வேண்டும். தாடி என்று சொல்லியிருந்தால் வரிசையில் ஒரே ஒரு தாடிக்காரர் நிற்கக் கூடாது. கன்னத்தில் தழும்பு இருந்தால் எல்லார் கன்னத்திலும் அதே இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். இங்கிலாந்தின் விதிப்படி சந்தேக நபரோடு குறைந்தது எட்டுப் பேர் நிற்க வேண்டும். ஒரு வரிசையில் ஒரு சந்தேக நபர்தான். இரண்டு பேரைப் பிடித்திருந்தால் இரண்டு வரிசை, வேறு வேறு ஆட்களோடு. வரிசை நியாயமானதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. வழக்கே தெரியாத சிலரிடம் சாட்சியின் வர்ணனையை மட்டும் படித்துக்காட்டி, வரிசையின் புகைப்படத்தில் யாராக இருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலோர் சந்தேக நபரையே காட்டினால், சாட்சியின் நினைவு இல்லாமலே அந்த வரிசை அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

"குற்றவாளி இந்த வரிசையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரையும் காட்டாவிட்டாலும் விசாரணை தொடரும்." இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லாவிட்டால், சாட்சி தன் நினைவோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இருப்பவர்களில் யார் கொஞ்சம் அவனைப் போல இருக்கிறார் என்று தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார். சாட்சியோடு நிற்பவருக்குச் சந்தேக நபர் யார் என்று தெரியாமல் இருப்பது சிறந்தது. நடுவருக்குத் தெரிந்துதான் இருக்கும் என்றால், சாட்சியின் பார்வைக்கு எட்டாமல் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ளட்டும். தலையசைப்பு, பெருமூச்சு, "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்ற ஒரு சொல், எல்லாமே சாட்சிக்குச் செய்தி.

சாட்சி ஆளைக் காட்டிய அந்த நிமிடமே, எவ்வளவு உறுதி என்று அவர் சொற்களில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நியாயமாக நடந்த முதல் அணிவகுப்பில் அந்த நிமிடம் சொல்லும் உறுதி, சரியான அடையாளத்துக்கு நல்ல அறிகுறி என்று 2017இல் வெளிவந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. "இவரா இருக்கலாம்" என்றவர் இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் "சத்தியமா இவர்தான்" என்று சொல்லும்போது, நடுவில் சேர்ந்தது நினைவு அல்ல. சரியான ஆளைத்தான் காட்டினீர்கள் என்ற ஒரு சொல்லைக் கேட்டவர்கள், தங்கள் உறுதியை மட்டுமல்ல, எவ்வளவு தெளிவாகப் பார்த்தேன், எவ்வளவு நேரம் பார்த்தேன் என்பதையும் உயர்த்திச் சொல்வதை 1998இல் வெல்ஸும் பிராட்ஃபீல்டும் காட்டினார்கள்.

தமிழ்நாட்டில் பல அணிவகுப்புகளில் நிற்பவர்களை இடம் மாற்றி, சட்டை மாற்றி, மூன்று சுற்று நடத்தி, மூன்றிலும் சரியாகக் காட்டினார் என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. முதல் சுற்று சம்பவத்தின் நினைவைச் சோதிக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும், ஐந்து நிமிடம் முன்பு யாரைத் தொட்டேன் என்ற நினைவைச் சோதிக்கின்றன. முதல் சுற்றில் தவறான ஆளைக் காட்டியவரும் மற்ற இரண்டில் அதே ஆளைத்தான் காட்டுவார். மூன்று என்பதால் மும்மடங்கு பலம் சேர்வதில்லை. முதல் சுற்றில் தயங்கினாரா, எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதற்குத்தான் எடை உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

அணிவகுப்பு அடிப்படைச் சான்றல்ல, நீதிமன்றத்தில் காட்டுவதே அடிப்படைச் சான்று என்பது மல்கான்சிங் வழக்கு (2003) உட்படப் பல தீர்ப்புகளில் நிலைபெற்ற சட்டம். அதை மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் பல ஆண்டு கழித்து, குற்றவாளிக் கூண்டில் தனியாக நிற்பவரைக் காட்டுவதில் நினைவுக்குச் சோதனை எதுவும் இல்லை. முதல் அடையாளம் எப்படி நடந்தது என்பதை வைத்தே கடைசி அடையாளத்தை எடைபோடும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. 1976இல் இங்கிலாந்தின் டர்ன்புல் வழக்குத் தீர்ப்பு நீதிபதிகளுக்குக் கொடுத்த கேள்விகள் இன்றும் போதுமானவை: எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், என்ன வெளிச்சம், இடையே மறைப்பு இருந்ததா, முன்பே தெரிந்தவரா, நினைவில் வைக்கக் காரணம் இருந்ததா, எவ்வளவு நாள் கழித்துக் காட்டினார், முதல் வர்ணனையும் ஆளும் பொருந்துகின்றனவா.

அணிவகுப்பு அறிக்கையோடு ஒரு பக்கம் சேருங்கள். வரிசையின் வண்ணப் புகைப்படம். அறையில் இருந்தவர்கள் யார் யார். சாட்சியிடம் படித்துக்காட்டிய வாக்கியங்கள். அதற்கு முன் அவர் பார்த்த படங்கள். காட்ட எடுத்த வினாடிகள். தயக்கம் இருந்தால் தயக்கம். காட்டியதும் அவர் சொன்ன சொற்கள், அவர் சொன்னபடியே. யாரையும் காட்டாவிட்டாலோ உடன் நின்றவரைக் காட்டினாலோ அதுவும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த அணிவகுப்பிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
நினைவு உளவியலும் சாட்சியச் சட்டமும் கற்பிக்கும் சிலர்